“சின்ன வண்டிதான், சாமி”



சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் திருப்பலி முடிந்து நாம் வெளியே வந்தபோது, கோவில் முற்றத்து வேப்பமரத்தடியில் ஒரு சிறிய கார் நின்றுகொண்டிருந்தது. புத்தம் புதியதன்று, வேறொருவர் சில ஆண்டுகள் ஓட்டியது. ஆயினும் நன்கு கழுவித் துடைத்து, முகப்பில் மல்லிகைச் சரம் கட்டி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம்கூட வைத்திருந்தார்கள். பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய்கறி கொண்டுசெல்லும் பங்குக் குடும்பத்தவர் ஒருவர், மனைவி மக்களோடும் முதிய தாயாரோடும் அதன் அருகே நின்றார். நம்மைக் கண்டதும் தோள் துண்டை இடுப்பிற்கு இறக்கி, “சின்ன வண்டிதான், சாமி. ஒரு எட்டு வந்து மந்திரிச்சுத் தாங்க” என்றார்.

மந்திரித்தோம். எலுமிச்சம்பழத்தைப் பற்றி வேறொரு நாள் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். ஆனால் அந்தச் “சின்ன வண்டிதான்” என்ற சொல்லில் ஒட்டிக்கொண்டிருந்த “தான்” நம் மனத்தை விட்டு அகலவில்லை. கடன் ஏதும் வாங்காமல், ஐந்தாறு ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் தம் தாயாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல ஒரு வண்டி வாங்கிய மனிதர், யாரிடம் எதற்காக மன்னிப்புக் கேட்கிறார்? இத்திங்கள் அதைப் பற்றியே நம் குடும்பங்களோடு சிறிது சிந்திக்க விழைகிறோம்.

முதலில் ஒரு பழைய நிகழ்ச்சி. நாம் சிறுவனாக இருந்த காலத்தில், நம் ஊரில் கார் வைத்திருந்தவர் ஒரே ஒருவர். வாடகைக்கு விடப்பட்ட பழைய அம்பாசிடர் அது. ஓர் ஐப்பசி மாதத்து மழை இரவில் நம் சித்திக்குப் பேறுகால வலி கண்டது. அம்பாசிடரோ ஒரு கலியாண வீட்டாரை ஏற்றிக்கொண்டு வெளியூர் சென்றிருந்தது. மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிச் சித்தியைக் கிடத்தி, தந்தையார் அரிக்கேன் விளக்கோடு முன்னே நடக்க, ஆசுபத்திரி சென்று சேர்ந்தபோது விடியும் நேரமாகிவிட்டது. சித்தி பிழைத்துக்கொண்டார். குழந்தை பிழைக்கவில்லை. இன்று 108 வண்டி இருக்கிறது. 2008ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் எத்தனையோ உயிர்களை அது காத்துவருகிறது. அன்று அதுவும் இல்லை. ஆகவே, சாதாரணக் குடும்பத்தின் முற்றத்தில் ஒரு சிறு வண்டி நிற்பதைக் காணும்போதெல்லாம் நாம் அதனை ஆடம்பரம் என்று கருதுவதில்லை. அந்த மழை இரவே நம் நினைவிற்கு வருகிறது.

அக்காலத்தில் கார் என்றால் பெரும்பாலும் இரண்டே பெயர்கள்தாம். ஒன்று 1489 சி.சி. எந்திரம் கொண்ட அம்பாசிடர். மற்றது 1089 சி.சி. கொண்ட பியட். பியட்டைப் பின்னாளில் பிரிமியர் பத்மினி என்று அழைத்தார்கள். சென்னையில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961இல் வெளியிட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் அழகிய வண்டிக்கு 948 சி.சி. எந்திரமே இருந்தது. சிறிய எந்திரத்தோடு கார் செய்வதில் நம் தமிழ் மண் பின்தங்கியிருக்கவில்லை என்பதற்கு அது சான்று. ஆனால் இவற்றுள் எதுவும் மாதச் சம்பளக்காரர் எளிதில் எட்டிப் பிடிக்கும் நிலையில் இல்லை.

“சி.சி.” என்று யாவரும் சொல்கிறோமே, அதன் பொருள் என்ன என்று சிறுவர்கள் கேட்கலாம். எந்திரத்தின் உருளைகளுக்குள் பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடுகின்றன அல்லவா? அவை அனைத்தும் ஓடும் இடத்தின் மொத்தக் கொள்ளளவைக் கன சென்டிமீட்டரில் கூறுவதே சி.சி. நம் வீட்டுத் தம்ளர் ஒன்று 200 சி.சி. தண்ணீர் கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், அம்பாசிடரின் எந்திரம் ஏழரைத் தம்ளர். பின்னர் வந்த மாருதியின் எந்திரமோ நான்கே தம்ளர்! அந்த நான்கு தம்ளர் இடத்தில் எரியும் பெட்ரோல்தான் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் போய் வந்தது.

அந்த மாருதி 800 வண்டியின் வரலாறு நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 1983 டிசம்பர் 14ஆம் நாள் புதுடில்லியில் அன்றைய பிரதமர் திருமதி இந்திரா காந்தி அம்மையார் முதல் வண்டியின் சாவியை அர்ப்பால் சிங் என்பவரிடம் வழங்கினார். அவர் பெருஞ்செல்வர் அல்லர்; இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர்; குலுக்கலில் பெயர் விழுந்த சாதாரணக் குடும்பத்தலைவர். வண்டியின் விலை ஏறத்தாழ ஐம்பதாயிரம் ரூபாய். எந்திரம் 796 சி.சி.; மூன்றே உருளைகள்; வண்டியின் எடையே ஏறத்தாழ 650 கிலோ. நாம் இங்கே சொல்ல விரும்புவது மற்றொன்று. அர்ப்பால் சிங் 2010இல் காலமாகும்வரை அந்த வண்டியை மாற்றவே இல்லை. இருபத்தாறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரே சிறு வண்டி! அக்கம்பக்கத்தில் எத்தனை பெரிய வண்டிகள் வந்து நின்றிருக்கும்! அவர் தமக்குப் போதுமானதைக் கண்டுகொண்டார். கண்டபின் அதை விட்டு விலகவில்லை.

சிறிய எந்திரத்தை ஏழை நாட்டின் ஏற்பாடு என்று எவரும் எண்ண வேண்டாம். 1956இல் சூயசுக் கால்வாய் நெருக்கடியால் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, செல்வமிக்க இங்கிலாந்தே சிறு வண்டியை நாடியது. 1959இல் வெளிவந்த புகழ்பெற்ற மினி காரின் எந்திரம் 848 சி.சி.தான். இத்தாலியர் 1957இல் 479 சி.சி. எந்திரத்தோடு பியட் 500 வண்டியைச் செய்தனர். சப்பானியரோ போரில் சிதைந்த தம் நாட்டை எழுப்பும் காலத்திலேயே சிறு வண்டிக்கென்று தனிச் சட்ட வகுப்பை ஏற்படுத்தி, குறைந்த வரியும் விதித்தனர். எந்திரம் 360 சி.சி.க்கு மேற்படலாகாது என்பது அவர்கள் நெடுநாள் வைத்திருந்த வரம்பு. 1976இல் அது 550 ஆயிற்று. 1990இல் 660 ஆயிற்று. இன்று உலகின் பெரும் கார்களையெல்லாம் செய்து அனுப்பும் அந்நாட்டில், மக்கள் தமக்கென்று வாங்கும் புது வண்டிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இந்தச் சிறு வகையே. அங்கே எவரும் “தான்” போட்டுப் பேசுவதாகத் தெரியவில்லை.

நம் நாட்டிலும் அந்த மாருதியைத் தொடர்ந்து சிறு வண்டிகள் பெருகின. 1998இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் செய்யப்பட்ட சான்ட்ரோ 999 சி.சி. எந்திரத்தோடு வந்தது. 2015இல் ஒரகடத்தில் செய்யப்பட்ட குவிட் 799 சி.சி. எந்திரத்தோடு வந்தது. “சின்ன எந்திரம் ஆரியங்காவு ஏற்றத்தில் திணறாதா, சாமி?” என்று செங்கோட்டைப் பக்கத்தவர் நம்மைக் கேட்பதுண்டு. வண்டி எடை குறைவாக இருந்தால், அதை ஏற்றிச் செல்லும் எந்திரமும் சிறிதாக இருக்கலாம். அன்றியும், இக்காலத்துச் சில சிறு எந்திரங்களில் டர்போ என்னும் கருவியைப் பொருத்துகிறார்கள். வீணாக வெளியேறும் புகையின் வேகத்தாலேயே ஒரு சிறு விசிறியைச் சுழற்றி, எந்திரத்துக்குள் மிகுதியான காற்றை அழுத்தி அனுப்புகிறது அது. காற்று மிகுந்தால் அதற்கேற்ப எரிபொருளும் எரிகிறது, ஆற்றலும் கூடுகிறது. ஆயிரம் சி.சி.க்கு உட்பட்ட எந்திரங்களே இன்று மலையேறி இறங்குகின்றன.

அரசும் சிறு வண்டிக்குத் துணைநின்றது. பெட்ரோல் எந்திரம் 1200 சி.சி.க்கு மேற்படாமலும், டீசல் எந்திரம் 1500 சி.சி.க்கு மேற்படாமலும், வண்டியின் நீளம் நான்கு மீட்டருக்கு மேற்படாமலும் இருந்தால் அது சிறு வண்டி. அதற்கு வரி குறைவு. 2006ஆம் ஆண்டிலிருந்தே இத்தகைய வரம்பு நடைமுறையில் இருந்துவருகிறது. 2025 செப்டம்பர் 22ஆம் நாள் முதல் சிறு வண்டிகளுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. முன்பிருந்த கூடுதல் தீர்வையும் நீங்கியது. பெரிய வண்டிகளுக்கு 40 விழுக்காடு. அவ்வாண்டுப் பண்டிகைக் காலத்தில் சிறு வண்டிகளுக்குக் கிராக்கி கூடியதை நம் பங்கிலேயே கண்டோம். மந்திரித்துத் தரும்படி வந்த வண்டிகள் அதற்குச் சாட்சி.

இங்கே ஒரு வேடிக்கையையும் காண வேண்டும். வரிக்காக எந்திரம் சிறிதாக இருக்க வேண்டும். ஊர் மெச்சுவதற்காக வண்டி பெரிதாகத் தோன்ற வேண்டும். ஆகவே, உயர்ந்த உடலும் அகன்ற சக்கரமும் முரட்டு முகமும் கொண்டு, உள்ளே 1200 சி.சி. எந்திரம் வைத்த வண்டிகள் தெருவெங்கும் ஓடுகின்றன. அவற்றை வாங்குவது பிழை என்று நாம் கூறவில்லை. நம் ஊர்ச் சாலைக் குழிகளுக்கு உயரமான வண்டி நல்லதே. ஆனால் வாங்குகிறவர் தம் தேவைக்காக வாங்குகிறாரா, எதிர்வீட்டார் கண்ணுக்காக வாங்குகிறாரா என்பதை அவரே தம் மனச்சாட்சியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எதிர்வீட்டார் கண்ணுக்கு அஞ்சுவது எத்துணை வலிமையுடையது என்பதை நானோ வண்டியின் கதை காட்டுகிறது. மழையில் ஒரே ஸ்கூட்டரில் கணவனும் மனைவியும் குழந்தைகளும் நனைந்து செல்வதைக் கண்டு மனமிரங்கிய திரு. ரத்தன் டாட்டா, ஒரு லட்சம் ரூபாய் விலையில் ஒரு கார் தர முனைந்தார். 2008 ஜனவரியில் அதைக் காட்சிக்கு வைத்தார்; 2009இல் 624 சி.சி. எந்திரத்தோடு அது விற்பனைக்கு வந்தது. தொடக்கத்தில் சில வண்டிகள் தீப்பற்றியது போன்ற குறைகளும் இருந்தன. ஆயினும் அதனை வீழ்த்தியதில் பெரும்பங்கு “மிக மலிவான கார்” என்ற பெயருக்கே உண்டு; அப்படிப் பெயரிட்டு விற்றது தவறு என்று டாட்டா அவர்களே பின்னாளில் ஒப்புக்கொண்டார். 2018இல் அதன் உற்பத்தி நின்றது. நனையாமல் போக ஒரு வண்டி கிடைத்தது. ஆனால் “மலிவு வண்டிக்காரர்” என்ற பெயருக்கு அஞ்சி நனைந்துகொண்டே போனோம்!

இனி நாம் சொல்லப்போவது, சொல்வதற்கே நமக்குக் கூச்சமளிக்கும் செய்தி. சில ஆண்டுகளுக்கு முன்பு, வேறொரு பங்கில் நாம் இருந்தபோது, ஒரு மாலைப்பொழுதில் ஒரு தந்தை நம்மைக் காண வந்தார். வீட்டில் தாயும் மகளும் பீடி சுற்றுவார்கள். அவருக்குக் குளத்துப் பாசனத்தில் ஓர் ஏக்கர் நஞ்சை உண்டு. மகளுக்கு நல்ல வரன் அமைந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் நகையை முடிவுசெய்த பின், “பையனுக்கு ஒரு வண்டி” என்றார்களாம். இவர் ஒரு சிறு காரைச் சொல்ல, அவர்கள் சிரித்துக்கொண்டே, “அது எதுக்கு மாமா, தெருவில நிப்பாட்டினா நாலு பேர் பாக்கிற மாதிரி இருக்க வேண்டாமா?” என்றார்களாம். “என்ன செய்யட்டும், சாமி?” என்று கேட்டுவிட்டு, அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதை நாம் அறிவோம். அது பாவம் என்பதையும் மேடையில் பலமுறை சொல்லியிருக்கிறோம். ஆயினும் அன்று அந்த மனிதரிடம், “யோசித்துச் செய்யுங்கள், கடனாளி ஆகிவிடாதீர்கள்” என்று மெல்லச் சொல்லி அனுப்பினோம். மாப்பிள்ளை வீட்டுக்கு நாமே நேரில் சென்றிருக்க வேண்டும், செல்லவில்லை. கலியாணம் நின்றுவிடுமோ, பழி நம்மேல் விழுமோ என்று அஞ்சினோம். நிலத்தில் பாதி விலைபோயிற்று. கலியாணத்தன்று பளபளவென்று ஒரு பெரிய வண்டி கோவில் வாசலில் வந்து நின்றது. அதை மந்திரித்ததும் நாமே.

பின்பு ஒருமுறை அவ்வூருக்குப் போனபோது அந்தத் தந்தையைக் குளக்கரையில் கண்டோம். விற்ற அரை ஏக்கரில் வேறொருவர் நாற்று நட்டுக்கொண்டிருந்தார். “மகள் நல்லாயிருக்காளா?” என்றோம். “இருக்கா, சாமி. வண்டி வீட்லயேதான் நிக்குதாம். எண்ணெய் போட்டு மாளலியாம்” என்றார். அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அதனால்தான், “சின்ன வண்டிதான்” என்ற சொல் நம்மை உறுத்துகிறது. சிறு வண்டியைக் கண்டு ஒருவர் கூசுவது அவரோடு நின்றுவிடுவதில்லை. அந்தக் கூச்சம் ஊர் முழுவதும் பரவி, கடைசியில் மகளைப் பெற்ற ஏழையின் வயலில் போய் விழுகிறது.

ஆகவே, வண்டி வாங்க எண்ணும் நம் குடும்பங்கள் கைக்கொள்ளத் தக்க சில செய்திகளைக் கூற விரும்புகிறோம்.

முதலாவது, கணக்கு. ஐந்து லட்சம் ரூபாயை ஒன்பது விழுக்காடு வட்டிக்கு ஐந்தாண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 10,400 ரூபாய். பத்து லட்சத்துக்கு அதுவே 20,800 ரூபாய். “ஏழு ஆண்டாக்கினால் தவணை குறையும்” என்று கடைக்காரர் சொல்வார். பத்து லட்சத்துக்குத் தவணை 16,100 ரூபாயாகக் குறையும், உண்மைதான். ஆனால் வட்டி மட்டும் மொத்தம் மூன்றரை லட்சம் ரூபாயாக ஏறியிருக்கும். எண்ணெய்ச் செலவையும் பாருங்கள். மாதம் 500 கிலோமீட்டர் ஓடும் வண்டி, லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தந்தால் 28 லிட்டர் போதும். 12 கிலோமீட்டர்தான் தரும் என்றால் 42 லிட்டர் வேண்டும். காப்பீடு, பழுது, டயர் இவற்றைச் சேர்த்து வீட்டுப் பெண்களோடு அமர்ந்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தபின் முடிவுசெய்யுங்கள். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தையும் அதே தாளில் எழுத மறவாதீர்கள்.

இரண்டாவது, பாதுகாப்பு. சிறு வண்டியின் குறையையும் மறைத்தல் ஆகாது. 2014இல் குளோபல் என்கேப் என்னும் அமைப்பு இந்தியச் சிறு கார்கள் ஐந்தை மோதிச் சோதித்தபோது, ஐந்தும் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. அதன்பின் காற்றுப்பை முதலியன கட்டாயமாக்கப்பட்டன. 2023 அக்டோபர் முதல் நம் நாட்டுக்கே உரிய பாரத் என்கேப் சோதனையும் நடைமுறைக்கு வந்துள்ளது. வாங்குமுன் வண்டியின் நட்சத்திர எண்ணிக்கையை விசாரியுங்கள். பழைய வண்டியானால் காற்றுப்பை உண்டா என்று பாருங்கள். குற்றாலச் சாரல் காலத்தில் ஐந்து பேர் அமரும் வண்டியில் ஒன்பது பேரை அடைத்து, குழந்தைகளை மடியிலும் முன்னிருக்கையிலும் வைத்துக்கொண்டு, தென்காசிச் சாலையில் விரையும் வண்டிகளைக் காணும்போது நம் நெஞ்சு பதைக்கிறது. நான்கு தம்ளர் எந்திரத்தை நம்பி ஒன்பது உயிர்களை ஏற்றாதீர்கள். பின்னிருக்கையில் இருப்பவரும் வார்ப்பட்டை அணிய வேண்டும்.

மூன்றாவது, அண்டை வீட்டார். நம் தெருவில் வண்டி இல்லாத வீடுகள் இன்னும் உண்டு. நள்ளிரவில் அவர்கள் கதவைத் தட்டினால் எழுந்து சாவியை எடுங்கள். பேருந்துக்குக் காத்திருக்கும் முதியவரைக் கண்டால் நிறுத்துங்கள். வண்டிக்கு மதிப்புத் தருவது அதன் நீளம் அன்று. அதன் கதவு யாருக்குத் திறக்கிறது என்பதே.

இந்த அறிவுரை முதலில் குருக்களாகிய நமக்கே உரியது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2013இல் குருமாணவர்களிடமும் துறவறப் பயிற்சியாளரிடமும் பேசுகையில், புது மாதிரி வண்டிகளில் குருக்களும் கன்னியரும் செல்வதைக் காணத் தமக்கு வேதனையாயிருக்கிறது என்றும், எளிய வண்டியே போதும் என்றும் கூறினார். சொன்னதோடு நில்லாமல், அதே ஆண்டு ஓர் இத்தாலியப் பங்குக் குரு அளித்த, மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய பழைய ரெனோ 4 காரை ஏற்றுக்கொண்டார். 2015இல் வாசிங்டன் நகரில் பெரிய பாதுகாப்பு வண்டிகளின் நடுவே ஒரு சிறு பியட்டில் அமர்ந்து சென்றார். அவ்வண்டியைக் கண்டு உலகம் அவரைத் தாழ்வாக நினைக்கவில்லை.

நாமும் ஒன்று தீர்மானித்திருக்கிறோம். எழுத்தில் தந்துவிட்டால் பின்வாங்க இயலாது என்பதற்காகவே இங்கே எழுதுகிறோம். இனி, கலியாணத்தை ஒட்டி மந்திரிக்க வரும் எந்த வண்டியானாலும், தீர்த்தச் செம்பை எடுக்குமுன், “இது யார் பணத்தில் வாங்கியது?” என்று கேட்போம். பெண் வீட்டார் கண்ணீரில் வாங்கியது என்றால் செம்பு திரும்பக் கோவிலுக்குள் போகும். கோபித்துக்கொள்பவர் கோபித்துக்கொள்ளட்டும். முன்பு ஒருமுறை கோபத்துக்கு அஞ்சியதன் விலை அரை ஏக்கர் நஞ்சை.

வேப்பமரத்தடியில் நின்ற அந்தச் சந்தை வியாபாரியிடம் ஞாயிறன்று நாம் ஒன்றும் சொல்லவில்லை. புறப்படும் அவசரத்தில் இருந்தார். அடுத்த வாரம் அவர் தம் தாயாரைக் கண் சோதனைக்காகப் பாளையங்கோட்டைக்கு அழைத்துச் சென்றாராம். அடுத்த வீட்டு மூதாட்டியையும் உடன் ஏற்றிச் சென்றாராம். அவர் இவ்விதழைத் தவறாமல் வாங்குபவர். ஆகவே அவருக்கு இங்கேயே சொல்லிவிடுகிறோம்: அடுத்த முறை “வண்டி வாங்கியிருக்கோம், சாமி” என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.